நிறையை மோலாக மாற்றுதல்

நிறையை மோலாக மாற்றுதல் என்பது, தராசில் நிறுத்து அறியப்பட்ட ஒரு பொருளின் நிறையிலிருந்து, அப்பொருளில் அடங்கியுள்ள அணுக்கள், மூலக்கூறுகள் அல்லது அயனிகளின் அளவை மோல் என்னும் அலகில் கணக்கிடும் முறை ஆகும். பொருளின் நிறையைக் கிராமில் எடுத்துக்கொண்டு, அதனை அப்பொருளின் மோலார் நிறையால் வகுத்தால் மோல் எண்ணிக்கை கிடைக்கும். பள்ளி வேதியியலில் வரும் கணக்குகளுள் மிக அடிப்படையானது இது. உரமூட்டையின் மீது அச்சிடப்பட்டுள்ள விழுக்காடு, சிமெண்ட் ஆலையிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் அளவு போன்றவற்றைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கும் இம்முறையே தேவைப்படுகிறது.

தேவை

வேதிவினைகள் எண்ணிக்கையின் அடிப்படையில் நிகழ்கின்றன. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுடன் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தருகின்றன. ஆனால் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. ஆய்வகத்திலும் ஆலையிலும் வயலிலும் நம்மால் செய்யக்கூடியது நிறுப்பது மட்டுமே. எனவே நிறுத்துப் பெற்ற அளவை எண்ணிக்கையாக மாற்ற ஒரு வழி வேண்டும்.

இதனை நெல்லைக் கொண்டு விளக்கலாம். நெல் இரகங்களின் இயல்புகளைக் குறிப்பிடும்போது ஆயிரம் மணிகளின் எடையையும் வேளாண் அறிஞர்கள் குறிப்பிடுவது வழக்கம். ஓர் இரகத்தின் ஆயிரம் மணிகள் 20 கிராம் எடையுள்ளவை எனில், ஒரு கிலோகிராம் விதைநெல்லில் 50,000 மணிகள் இருக்கும். மற்றோர் இரகத்தின் ஆயிரம் மணிகள் 25 கிராம் எனில், அதே ஒரு கிலோகிராமில் 40,000 மணிகளே இருக்கும். எடை சமமாக இருந்தாலும் முளைக்கக்கூடிய விதைகளின் எண்ணிக்கை வேறுபடுகிறது. எவரும் மணிகளை எண்ணவில்லை; எடையை ஆயிரம் மணி எடையால் வகுத்தே எண்ணிக்கை அறியப்பட்டது. மோல் கணக்கும் இதைப் போன்றதே. ஆயிரத்திற்குப் பதிலாக மிகப் பெரிய ஓர் எண்ணும், ஆயிரம் மணி எடைக்குப் பதிலாக மோலார் நிறையும் பயன்படுகின்றன.

வரையறையும் வரலாறும்

மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அனைத்துலக முறை அலகு ஆகும். ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்களைக் கொண்டது. இவ்வெண் அவகாட்ரோ எண் எனப்படும். துகள் என்பது அணுவாகவோ, மூலக்கூறாகவோ, அயனியாகவோ இருக்கலாம். எந்தத் துகளை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

இத்தாலிய அறிவியலாளர் அமேடியோ அவகாட்ரோ 1811 ஆம் ஆண்டில், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வளிமங்களில் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகள் இருக்கும் என்ற கருதுகோளை முன்வைத்தார். இக்கருத்து அரை நூற்றாண்டுக் காலம் பெரிதும் கவனிக்கப்படாமல் இருந்தது. 1860 ஆம் ஆண்டில் செருமனியின் கார்ல்சுரூ நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டிற்குப் பின், இசுத்தானிசுலாவோ கன்னிசாரோவின் முயற்சியால் இது பரவலாக ஏற்கப்பட்டது. மோல் என்ற சொல்லை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லெம் ஓசுட்டுவால்டு வழக்கிற்குக் கொண்டுவந்தார். அவகாட்ரோ எண் என்ற பெயரை 1909 ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் சான் பெரென் முன்மொழிந்தார்.

1971 ஆம் ஆண்டில் மோல் அனைத்துலக முறையின் அடிப்படை அலகுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அப்போது, 12 கிராம் கார்பன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்குச் சமமான துகள்களைக் கொண்ட அளவு ஒரு மோல் என வரையறுக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு மே 20 முதல், மேலே கூறப்பட்ட நிலையான எண்ணே வரையறையாக உள்ளது. இம்மாற்றத்தால் பள்ளிக் கணக்குகளின் விடைகளில் வேறுபாடு எதுவும் ஏற்படுவதில்லை.

மோலார் நிறை

ஒரு மோல் அளவுள்ள பொருளின் நிறை, மோலார் நிறை எனப்படும். இதன் அலகு கிராம்/மோல் ஆகும். ஒரு தனிமத்தின் அணு நிறையைக் குறிக்கும் எண்ணும், அதன் ஒரு மோல் அணுக்களின் கிராம் நிறையைக் குறிக்கும் எண்ணும் ஒன்றே. சேர்மம் எனில், அதன் வாய்ப்பாட்டில் உள்ள எல்லா அணுக்களின் நிறைகளையும் கூட்ட வேண்டும்.

இக்கட்டுரையில் பயன்படும் தனிமங்களின் மோலார் நிறைகள் (கிராம்/மோல்):

ஹைட்ரஜன்: 1.008
கார்பன்: 12.011
நைட்ரஜன்: 14.007
ஆக்சிஜன்: 15.999
சோடியம்: 22.990
பாஸ்பரஸ்: 30.974
கந்தகம்: 32.06
குளோரின்: 35.45
பொட்டாசியம்: 39.098
கால்சியம்: 40.078
துத்தநாகம்: 65.38

எடுத்துக்காட்டாக, நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. எனவே நீரின் மோலார் நிறை (2 × 1.008) + 15.999 = 18.015 கிராம்/மோல் ஆகும்.

மாற்றும் முறை

மோல் எண்ணிக்கை = நிறை (கிராம்) ÷ மோலார் நிறை (கிராம்/மோல்)

இதனைப் பின்வரும் படிகளாகச் செய்யலாம்.

1. பொருளின் வாய்ப்பாட்டை அறிந்துகொள்க.
2. வாய்ப்பாட்டிலிருந்து மோலார் நிறையைக் கணக்கிடுக.
3. நிறை கிலோகிராமிலோ மில்லிகிராமிலோ இருந்தால் கிராமாக மாற்றுக.
4. நிறையை மோலார் நிறையால் வகுக்க.
5. அலகுகளைச் சரிபார்க்க. கிராமைக் கிராம்/மோலால் வகுத்தால் மோல் மட்டுமே எஞ்சும். வேறு அலகு வந்தால் கணக்கில் எங்கோ பிழை உள்ளது.

90 கிராம் நீரை எடுத்துக்கொண்டால், 90 ÷ 18.015 = 5.00 மோல் ஆகும்.

சம நிறையுள்ள இரு பொருட்களில் துகள்களின் எண்ணிக்கை எந்த அளவுக்கு வேறுபடும் என்பதைச் சமையலறைப் பொருட்களைக் கொண்டே காணலாம். சமையல் உப்பின் (சோடியம் குளோரைடு) மோலார் நிறை 58.44 கிராம்/மோல். சர்க்கரையின் ஒரு மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளதால் அதன் மோலார் நிறை 342.30 கிராம்/மோல். 10 கிராம் உப்பு 0.171 மோல் ஆகும். 10 கிராம் சர்க்கரையோ 0.0292 மோல் மட்டுமே. அதாவது, ஒரே எடையுள்ள உப்பில் உள்ள வாய்ப்பாட்டு அலகுகள், சர்க்கரையில் உள்ள மூலக்கூறுகளைப் போல் ஏறத்தாழ 5.9 மடங்கு ஆகும்.

மறுதலையாக, மோல் எண்ணிக்கையை மோலார் நிறையால் பெருக்கினால் நிறை கிடைக்கும். மோல் எண்ணிக்கையை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் துகள்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

உரமூட்டையில் மோல் கணக்கு

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள வத்திராயிருப்பு, நெல் வேளாண்மைக்குப் பெயர் பெற்ற பகுதியாகும். இதன் அருகிலுள்ள பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீர் இப்பகுதிக் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் பயன்படுகிறது. நெல்லுக்கு இடப்படும் உரங்களில் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஆகிய மூன்றும் முதன்மையானவை. உழவர் வாங்குவது மூட்டையின் எடையை. பயிர் எடுத்துக்கொள்வதோ அதில் அடங்கியுள்ள தனிமத்தை. இரண்டிற்கும் இடையிலான தொடர்பை மோல் கணக்கு காட்டுகிறது.

யூரியா

யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. இதன் மோலார் நிறை:

12.011 + 15.999 + (2 × 14.007) + (4 × 1.008) = 60.056 கிராம்/மோல்

இதில் நைட்ரஜனின் பங்கு 28.014 கிராம். எனவே தூய யூரியாவில் நைட்ரஜன் 28.014 ÷ 60.056 = 46.6 விழுக்காடு ஆகும். விற்பனைக்கு வரும் யூரியா மூட்டையில் 46 விழுக்காடு எனக் குறிக்கப்பட்டிருப்பதன் அடிப்படை இதுவே.

இந்தியாவில் முன்பு 50 கிலோகிராமாக இருந்த யூரியா மூட்டை 2018 ஆம் ஆண்டு முதல் 45 கிலோகிராமாக விற்கப்படுகிறது. ஒரு மூட்டையில் உள்ள நைட்ரஜன் 45 × 0.46 = 20.7 கிலோகிராம், அதாவது 20,700 கிராம். இதனை மோலாக மாற்றினால்:

20,700 ÷ 14.007 = 1,478 மோல் நைட்ரஜன் அணுக்கள்

ஒரு யூரியா மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருப்பதால், மூட்டையில் 739 மோல் யூரியா உள்ளது.

மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதியின் உதவியால் யூரியா நீருடன் வினைபுரிந்து அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. ஒரு மோல் யூரியாவிலிருந்து இரண்டு மோல் அம்மோனியா உண்டாகும். எனவே ஒரு மூட்டையிலிருந்து 1,478 மோல், அதாவது 1,478 × 17.031 = ஏறத்தாழ 25.2 கிலோகிராம் அம்மோனியா உண்டாகக்கூடும். யூரியா மண்ணில் கலக்காமல் மேற்பரப்பிலோ தேங்கிய நீரிலோ இருந்தால் இந்த அம்மோனியாவில் ஒரு பகுதி வளிமமாகக் காற்றில் கலந்துவிடும். இவ்வாறு வெளியேறும் ஒவ்வொரு மோல் அம்மோனியாவுடனும் 14 கிராம் தழைச்சத்து இழக்கப்படுகிறது. யூரியாவை ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடுமாறு கூறப்படுவதற்கு இது ஒரு காரணமாகும்.

வெவ்வேறு உரங்களை ஒப்பிடவும் இக்கணக்கு உதவும். அம்மோனியம் சல்பேட்டின் மோலார் நிறை ஏறத்தாழ 132.1 கிராம்/மோல். அதிலும் ஒரு வாய்ப்பாட்டு அலகில் இரண்டு நைட்ரஜன் அணுக்களே உள்ளன. எனவே தூய நிலையிலும் நைட்ரஜன் 21.2 விழுக்காட்டைத் தாண்டாது. ஒரு கிலோகிராம் தூய யூரியா தரும் தழைச்சத்தைப் பெற, 132.1 ÷ 60.06 = 2.2 கிலோகிராம் அம்மோனியம் சல்பேட்டு தேவை. ஆனால் அம்மோனியம் சல்பேட்டு கந்தகத்தையும் தருகிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூட்டையில் இல்லாத ஆக்சைடுகள்

உரமூட்டைகளில் நைட்ரஜன் மட்டுமே தனிமமாகக் குறிக்கப்படுகிறது. மணிச்சத்து, பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற ஆக்சைடின் விழுக்காடாகவும், சாம்பல் சத்து, பொட்டாசியம் ஆக்சைடின் விழுக்காடாகவும் குறிக்கப்படுகின்றன. இந்த ஆக்சைடுகள் மூட்டைக்குள் இல்லை. பகுப்பாய்வு முடிவுகளை ஆக்சைடுகளாக எழுதிய பழைய மரபு இன்றும் தொடர்கிறது.

பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு ஆகும். இதன் மூட்டையில் 60 விழுக்காடு எனக் குறிக்கப்பட்டிருந்தால், 50 கிலோகிராம் மூட்டையில் 30 கிலோகிராம் பொட்டாசியம் ஆக்சைடுக்கு ஈடான சாம்பல் சத்து உள்ளது என்பதே பொருள். கணக்கு பின்வருமாறு:

பொட்டாசியம் ஆக்சைடின் மோலார் நிறை = (2 × 39.098) + 15.999 = 94.195 கிராம்/மோல்
ஆக்சைடின் மோல் = 30,000 ÷ 94.195 = 318.5
பொட்டாசியத்தின் மோல் = 2 × 318.5 = 637
பொட்டாசியத்தின் நிறை = 637 × 39.098 = 24.9 கிலோகிராம்
பொட்டாசியம் குளோரைடின் நிறை = 637 × 74.55 = 47.5 கிலோகிராம்

ஆகவே அம்மூட்டையில் 47.5 கிலோகிராம் பொட்டாசியம் குளோரைடும், அதனுள் 24.9 கிலோகிராம் பொட்டாசியமும் உள்ளன. குறிக்கப்பட்ட 60 விழுக்காட்டைக் கொண்டு, மூட்டையில் 40 விழுக்காடு வேறு பொருள் கலந்துள்ளது எனக் கருதுவது தவறாகும்.

டி.ஏ.பி. எனப்படும் டை அம்மோனியம் பாஸ்பேட்டு மூட்டையில் 18-46 எனக் குறிக்கப்பட்டிருக்கும். 50 கிலோகிராம் மூட்டையில் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு ஈடான அளவு 23 கிலோகிராம். அந்த ஆக்சைடின் மோலார் நிறை 141.94 கிராம்/மோல் என்பதால், 23,000 ÷ 141.94 = 162.0 மோல். ஒவ்வொன்றிலும் இரண்டு பாஸ்பரஸ் அணுக்கள் இருப்பதால் 324 மோல் பாஸ்பரஸ், அதாவது ஏறத்தாழ 10.0 கிலோகிராம்.

இவ்வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. ஒரு பரிந்துரை பாஸ்பரஸ் என்ற தனிமத்தின் அளவாகவும், உரமூட்டை ஆக்சைடின் அளவாகவும் குறிக்கப்பட்டிருந்தால், இரண்டையும் ஒன்றெனக் கொள்பவர் தேவையானதில் 44 விழுக்காட்டை மட்டுமே வயலில் இடுவார். பொட்டாசியத்தில் இதே பிழை நேர்ந்தால் 83 விழுக்காடு கிடைக்கும். எனவே இரண்டு அளவுகளும் எந்த வடிவத்தில் கூறப்பட்டுள்ளன என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

படிக நீர்

நெல் வயலில் துத்தநாகப் பற்றாக்குறையைப் போக்க ஜிங்க் சல்பேட் எனப்படும் துத்தநாக சல்பேட்டு இடப்படுகிறது. இது இரு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு வாய்ப்பாட்டு அலகுடன் ஏழு நீர் மூலக்கூறுகள் சேர்ந்துள்ளன. மற்றொன்றில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு மட்டும் உள்ளது. முதலாவதன் மோலார் நிறை 287.5 கிராம்/மோல், இரண்டாவதன் மோலார் நிறை 179.5 கிராம்/மோல். ஒரு மோலில் உள்ள துத்தநாகம் இரண்டிலும் 65.38 கிராமே.

25 கிலோகிராம் ஏழு நீர் வடிவம் = 25,000 ÷ 287.5 = 87 மோல்
87 மோல் ஒரு நீர் வடிவம் = 87 × 179.5 = 15.6 கிலோகிராம்

அதாவது முதல் வடிவத்தில் 25 கிலோகிராம் இடவேண்டிய இடத்தில், இரண்டாம் வடிவத்தில் ஏறத்தாழ 16 கிலோகிராம் போதுமானது. இரண்டின் விலையையும் மூட்டையின் எடையைக் கொண்டு ஒப்பிடாமல், அவை தரும் துத்தநாகத்தைக் கொண்டே ஒப்பிட வேண்டும்.

சமன்பாட்டில் மோல் விகிதம்

சமன்செய்யப்பட்ட வேதிச் சமன்பாட்டில் உள்ள கெழுக்கள் மோல்களின் விகிதத்தைக் குறிக்கின்றன. நிறைகளின் விகிதத்தை அல்ல. ஆகவே ஒரு பொருளின் நிறையிலிருந்து மற்றொரு பொருளின் நிறையைக் காண, இடையில் மோலின் வழியாகச் செல்ல வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் இரு தொழில்களிலிருந்து இதற்கு எடுத்துக்காட்டுகள் தரலாம்.

சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும்

மாவட்டத்தில் பந்தல்குடி போன்ற இடங்களில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுகிறது. இராஜபாளையத்தைச் சேர்ந்த பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய நிறுவனத்தின் முதல் சிமெண்ட் ஆலை இம்மாவட்டத்தின் இராமசாமி ராஜா நகரில் அமைந்தது. ஆலங்குளத்தில் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை நிறுவப்பட்டது. சிமெண்டுக்கு அடிப்படையான வினை, பழைய சுண்ணாம்புக் காளவாசலில் நிகழ்ந்த அதே வினையே. கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடும் (சுட்ட சுண்ணாம்பு) கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். மூன்றின் மோல் விகிதம் 1 : 1 : 1 ஆகும்.

ஒரு டன் கால்சியம் கார்பனேட்டு = 1,000,000 ÷ 100.09 = 9,991 மோல்
கால்சியம் ஆக்சைடு = 9,991 × 56.08 = 560 கிலோகிராம்
கார்பன் டை ஆக்சைடு = 9,991 × 44.01 = 440 கிலோகிராம்

காளவாசலில் இட்ட கல் எடை குறைந்து வெளிவருவதன் காரணம் இதனால் விளங்கும். மேலும் இந்த 440 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு எரிபொருளிலிருந்து வருவதன்று. கல்லுக்குள் இருந்தே வெளிவருவது. நிலக்கரிக்குப் பதிலாகக் காற்றாலை மின்சாரத்தையோ சூரிய ஆற்றலையோ பயன்படுத்தினாலும் இவ்வளவு குறையாது. சிமெண்ட் உற்பத்தியில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் மேற்பட்டது இவ்வகையைச் சார்ந்தது. இதனாலேயே சுட்ட கல்லின் பங்கைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடு ஆகியவற்றைச் சிமெண்டில் கலக்கும் முறை முக்கியத்துவம் பெற்றுள்ளது.

தீக்குச்சி

1923 ஆம் ஆண்டு முதல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் நடைபெற்று வருகிறது. தீக்குச்சியின் தலைப்பகுதியில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனை இது தருகிறது. இச்சேர்மம் சிதையும்போது, இரண்டு மோல் பொட்டாசியம் குளோரேட்டிலிருந்து இரண்டு மோல் பொட்டாசியம் குளோரைடும் மூன்று மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் உண்டாகின்றன.

100 கிராம் பொட்டாசியம் குளோரேட்டு = 100 ÷ 122.55 = 0.816 மோல்
ஆக்சிஜன் = 0.816 × 3 ÷ 2 = 1.224 மோல்
ஆக்சிஜனின் நிறை = 1.224 × 31.998 = 39.2 கிராம்
பொட்டாசியம் குளோரைடின் நிறை = 0.816 × 74.55 = 60.8 கிராம்

இரண்டு விளைபொருட்களின் கூடுதல் 100 கிராம் ஆவதைக் காண்க. நிறை அழிவின்மை விதிப்படி இவ்வாறு அமைய வேண்டும். எனவே இக்கூட்டல் கணக்கைச் சரிபார்க்கும் வழியும் ஆகும். கெழுக்களை நிறை விகிதமாகக் கொண்டு 100 × 3 ÷ 2 எனக் கணக்கிட்டால், 100 கிராமிலிருந்து 150 கிராம் ஆக்சிஜன் வருவதாக இயலாத விடை கிடைக்கும்.

மாணவர்கள் செய்யும் பொதுவான பிழைகள்

கிலோகிராமை மாற்றாமல் வகுத்தல்: விடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

அணுவையும் மூலக்கூறையும் குழப்பிக்கொள்ளுதல்: 28 கிராம் நைட்ரஜன் வளிமம் என்பது ஒரு மோல் மூலக்கூறுகள், ஆனால் இரண்டு மோல் அணுக்கள். வினாவில் எது கேட்கப்பட்டுள்ளது எனப் பார்த்தல் வேண்டும்.

அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எண்ணை விட்டுவிடுதல்: கால்சியம் ஹைட்ராக்சைடில் ஒரு கால்சியமும் இரண்டு ஹைட்ராக்சைடு தொகுதிகளும் உள்ளன. அதன் மோலார் நிறை 74.09 கிராம்/மோல். இரண்டாவது தொகுதியை மறந்தால் 57.09 என்ற தவறான எண் கிடைக்கும்.

படிக நீரை விட்டுவிடுதல்: மயில்துத்தம் எனப்படும் நீல நிறத் தாமிர சல்பேட்டில் ஐந்து நீர் மூலக்கூறுகள் உள்ளன. அதன் மோலார் நிறை 249.7 கிராம்/மோல், நீரற்ற வெண்ணிறத் தாமிர சல்பேட்டுக்கு 159.6 கிராம்/மோல்.

தூய்மையைக் கருதாமை: தராசு கலப்படத்தையும் ஈரத்தையும் சேர்த்தே நிறுக்கிறது. தூய்மை விழுக்காட்டால் பெருக்கிய பின்னரே மோலாக மாற்ற வேண்டும்.

இடையில் தோராயமாக்குதல்: ஒவ்வொரு படியிலும் தசம எண்களைக் குறைத்தால் பிழை கூடிக்கொண்டே செல்லும். இறுதி விடையை மட்டும் தோராயமாக்குவது நல்லது.

வரம்புகள்

வரையறுக்கப்பட்ட வாய்ப்பாடு உள்ள பொருட்களுக்கு மட்டுமே நிறையை நேரடியாக மோலாக மாற்ற முடியும். மண், சாம்பல், சிமெண்ட், தொழு உரம் போன்றவை கலவைகள். இவற்றுக்கு மோலார் நிறை என ஒன்று இல்லை. முதலில் பகுப்பாய்வு செய்து, கலவையில் உள்ள குறிப்பிட்ட சேர்மத்தின் அல்லது தனிமத்தின் நிறையை அறிந்து, அந்நிறையையே மோலாக மாற்ற வேண்டும்.

சோடியம் குளோரைடு போன்ற அயனிச் சேர்மங்களில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. இவற்றில் மோல் என்பது வாய்ப்பாட்டு அலகுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். வெவ்வேறு நீளமுள்ள சங்கிலிகளைக் கொண்ட பாலித்தீன் போன்ற பலபடிகளுக்குச் சராசரி மோலார் நிறையே பயன்படுத்தப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

அவகாட்ரோ எண்
அணு நிறை
வேதிச் சமன்பாடு
நிறை அழிவின்மை விதி
உரம்